மல்லூரில் ஏறிய எடை

இது நடந்தது. போன ஐப்பசி கடைசியில் தொடங்கி, கார்த்திகையில், சேலம் - நாமக்கல் ரோட்டில், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நடந்தது. தேதி, மணி, பேட்டரி சதவீதம் எல்லாம் இன்னும் அவள் போனில் இருக்கின்றன. பேயை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், அந்த நம்பர்களையாவது நம்புங்கள்.

அவள் பெயர் இலக்கியா. வீடு நாமகிரிப்பேட்டையில். வேலை சேலத்தில், ஒரு ஆஸ்பத்திரி லேபில். போக 38 கிலோமீட்டர், வர 38. பஸ்ஸில் மாறி மாறி வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு வயது மகள் தூங்கிவிடுவாள். மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கும் கணவன் குமரகுரு கடைசியில் ஒரு முடிவு சொன்னான். "பேட்டரி வண்டி வாங்கிப் பார்ப்போம். அதுவும் தோதுப்படலைன்னா வேலையை உட்டுரோணும்." படித்துச் சம்பாதித்த வேலை. விட அவளுக்கு மனசே இல்லை. தீபாவளிக்குப் புது வண்டி வந்தது.

பேட்டரி வண்டியில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பெட்ரோல் பங்கில் நிற்க வேண்டாம், கை அதிராது. ஆனால் தீர்ந்துபோனால் பாட்டிலில் வாங்கி ஊற்ற முடியுமா? தள்ளத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் சார்ஜ் போடவும் விடமாட்டார்கள். இன்னொன்று, வண்டியில் சத்தமே இருக்காது. அது நல்லதா கெட்டதா என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

முதல் சில நாட்கள் எல்லாம் சரியாக இருந்தது. காலையில் பேட்டரி நூறு. சாயங்காலம் வீட்டு வாசலில் 21. தினமும் அதே 21. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நவம்பர் 10, திங்கட்கிழமை. மாலை 6:24. மல்லூர் தாண்டி, போன் வந்ததால் வண்டியை ஓரம் கட்டினாள். புளியமரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பச்சைச் சேலை. கையில் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி. முகத்தைப் பார்த்துவிட்டால் கேட்காமல் போவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை.

"ஏனுங்கக்கா, ஆண்டகளூர் கேட்டு வரைக்கும் இந்த ரோட்டுலதான் போறேன். வாரீங்களா?"

அந்தப் பெண் வண்டியையே பார்த்தாள். போன் மறுபடி அடித்தது. பேசிவிட்டுத் திரும்பினால் ஆள் இல்லை. பஸ் ஏறியிருப்பாள் என்று இலக்கியா கிளம்பிவிட்டாள்.

பஸ் எதுவும் வரவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அன்று வீட்டு வாசலில் பேட்டரி 13.

மறுநாளும் 13. காலையில் சேலம் போகும்போது குறை இல்லை. சாயங்காலம்தான் குறைந்தது. அதுவும் மல்லூரிலிருந்து ஆண்டகளூர் கேட் வரை, அந்தப் பத்து கிலோமீட்டரில் மட்டும். பதினொன்று குறைய வேண்டிய இடத்தில் பத்தொன்பது.

அவளுக்கு முதல் சந்தேகம் கணவன்மேல்தான் வந்தது. வேலையை விட வைக்க, ராத்திரியில் வண்டியை ஓட்டிப் பேட்டரியைக் கெடுக்கிறானோ?

"ஏனுங்க, ராத்திரி வண்டியை எடுத்தீங்களா?"

"எனக்கென்னத்துக்கு உன்ற வண்டி?"

அவள் நம்பவில்லை. தூங்கப் போகும்முன் கிலோமீட்டரைப் போனில் படம் எடுத்து வைத்தாள். காலையில் ஒரு நம்பர்கூட மாறவில்லை.

நவம்பர் 24. ரத்த மாதிரி வாங்க ஆஸ்பத்திரியில் பதினான்கு கிலோமீட்டர் சுற்ற அனுப்பினார்கள். வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். குமரகுரு வாசலில் நின்று பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல?"

டிசம்பர் 6. இருவரும் சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். மெக்கானிக் ஆனந்தகுமார் வண்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தான்.

"பேட்டரி நல்லா இருக்குங்க மேடம். சாயங்காலம் டபுள்ஸ் போறீங்களா?"

"இல்லீங்களே."

"6:24-ல இருந்து 6:41 வரைக்கும் ரெண்டு பேர் வெயிட்டு இழுக்குதுங்க. தினமும்."

குமரகுரு வீட்டுக்குள் வந்ததும் கேட்டான்.

"யாரு அது?"

"சத்தியமா யாரும் இல்லீங்க."

"கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா?"

அவனைச் சந்தேகப்பட்டவளை இப்போது அவன் சந்தேகப்பட்டான். வேலை போனாலும் போகட்டும், இந்தப் பெயரோடு எப்படி வாழ்வது என்று இரவெல்லாம் அழுதாள்.

டிசம்பர் 11, வியாழக்கிழமை. மாலை 6:24. மல்லூர்.

புளியமரத்தடியில் யாரும் இல்லை. அவள் வண்டியை நிறுத்தவும் இல்லை.

பின்பக்கம் லேசாக அமுங்கியது.

டிங்...

தூக்குப்போசி மூடி கைப்பிடியில் இடிக்கிற சத்தம். பெட்ரோல் வண்டியாக இருந்தால் கேட்டே இருக்காது.

கண்ணாடியில் பார்த்தாள். காலி சீட். தூரத்தில் யாரோ ஒருவரின் பைக் விளக்கு. அவ்வளவுதான்.

டிங்... டிங்...

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

6:41. ஆண்டகளூர் கேட். தினமும் இங்கே எடை இறங்கிவிடும்.

அன்று இறங்கவில்லை.

ராசிபுரம்... டிங்... புதுப்பட்டி... டிங்...

7:12. வீட்டு வாசல். பேட்டரி 1.

சத்தம் நின்றது.

ஒரே நிமிடத்தில் குமரகுருவின் பைக் வந்தது. அவன் சேலத்திலிருந்தே அவளைத் தொடர்ந்து வந்திருக்கிறான். தூரத்து விளக்கு அவன்தான். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. கூச்சம்தான் இருந்தது.

"தப்பு என்மேலதான், சாமி. ஒரு அக்காவை ஏத்தீட்டு வாரேன்னு சொல்லியிருந்தா நான் எதுக்குச் சந்தேகப்படறேன்?"

"எந்த அக்காங்க?"

"அட, பச்சைச் சேலை. கையில தூக்குப்போசி. உன்ற பின்னாடிதான உக்காந்திருந்தாங்க?"

இலக்கியா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கீங்க அவங்க?"

"என்ன இப்படிக் கேக்கற? நீ ஸ்டாண்டு போடறதுக்கு முன்னாடியே நம்ம ஊட்டுக்குள்ள போனாங்களே... தெருமுனையில இருந்து பார்த்தேன்."

உள்ளே ஓடினார்கள். கூடத்தில் மாமியாரும் குழந்தையும் மட்டும். மாமியார் யாரையும் பார்க்கவில்லை. குழந்தை சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மாலை. 6:24. மல்லூரில் பயத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கி வண்டியை நிறுத்தினாள். எதிரே இருந்த டீக்கடையில் கேட்டாள்.

"பச்சைச் சேலைங்களா? சௌந்திரம்ங்க. மில்லு வேலை முடிஞ்சு இங்கதான் பஸ்ஸுக்கு நிக்கும். போன வருசம் பின்னாடி வந்த வண்டி அடிச்சுப் போட்டுருச்சு. யாரு வண்டின்னே தெரியலை. பேட்டரி வண்டி, சத்தமே கேக்கலைங்க."

"ஊடு எங்கீங்க?"

"ஆண்டகளூர் கேட்டு. பின்னாடி லைன் வீடு. ஒத்தைக்கட்டை, சொந்தம்னு யாரும் இல்லை."

கிளம்பினாள். பின்பக்கம் அமுங்கவில்லை. சத்தம் இல்லை. பத்து கிலோமீட்டருக்குச் சரியாகப் பதினொன்று குறைந்தது.

6:58. கேட்டுக்குப் பின்னால் அந்தச் சந்து. லைன் வீடு இருந்த இடத்தில் செங்கல் குவியல். ஓரத்தில் ஒருவர் கம்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சௌந்திரம் இருந்த ஊடுங்களா? அது செத்ததுல இருந்து பூட்டியேதான் கெடந்துச்சு. புதுசாக் கட்டறதுக்கு இடிச்சுட்டோம்."

"எப்பங்க இடிச்சீங்க?"

"நேத்துக் காலையிலதான்."

இலக்கியா வண்டிக்குத் திரும்பினாள். பேட்டரி 38. வீடு போய்ச் சேர அது தாராளம். குழந்தை வீட்டில் இருந்தது. போயே ஆக வேண்டும்.

வண்டியை எடுக்கத்தான் கை வரவில்லை.