மொட்டையும் வெல்லக்கட்டியும்

திருமலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்த மறுநாள் காலை, வாய் கொப்பளித்த தண்ணீர் இடது பக்கமாக வழிந்து சட்டையில் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். இடது கண் மூடவில்லை. உதடு வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

அப்போது சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆந்திர மாநிலம் பிரிந்துவிட்டது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. தமிழில் படித்து வேலைக்கு வந்த நான் தெலுங்குத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. வாய்மொழித் தேர்வு அந்த மாதக் கடைசியில், திருப்பதியில். தவறினால் மெட்ராஸ் பக்கம் மாற்றல் கேட்டுப் போக வேண்டியதுதான். மனைவிக்குச் சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூரில் நிலம் இருந்தது. அதை விட்டுவிட்டு அவள் வரமாட்டாள்.

தேறினால் மொட்டை என்று வேண்டியிருந்தேன். முடியை முன்பே கொடுத்துவிட்டால் சாமிக்கு வேறு வழியிருக்காது என்பது அவள் கணக்கு. அதனால்தான் அந்தப் பயணம்.

"ஜன்னலோரம் வாணாம்னேன், கேட்டீங்களா? மொட்டத் தலையோட காத்து வாங்கிக்கினு வந்தீங்க" என்று சொல்லிக்கொண்டே, வறுத்த உப்பைத் துணியில் கட்டிக் கன்னத்தில் ஒத்தடம் கொடுத்தாள்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"இன்னா சார், இந்தாண்ட ஆந்திரா, அந்தாண்ட மெட்ராசா? உம்ம மூஞ்சியில மட்டும் எல்லைக்கோட்டப் போட்டு முடிச்சிட்டானுங்களே."

நான் சிரித்தேன். மெட்ராஸ் பக்கம் மட்டும் சிரித்தது.

அவரே என்னை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். காற்றுப் பட்டதைச் சொன்னேன். டாக்டர் கேட்டார்: "பஸ்ஸுல எத்தினி மொட்டை?"

"முக்காவாசிப் பேர்."

"அத்தினி பேருக்கும் காத்துதான? உனக்கு மட்டும் ஏன் கோணிக்கிச்சு?"

தூக்கம், தாகம், சாப்பாடு எல்லாம் விசாரித்தார். இரவில் தெலுங்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்யும்போது தூக்கம் வராமலிருக்க வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வது என் வழக்கம். சித்தூர் மண்டி வெல்லம். ஒன்று கரைந்ததும் அடுத்தது. நடுவில் பலமுறை எழுந்து தண்ணீர் குடிப்பேன். வெல்லத்தால் தாகம் என்று நினைத்திருந்தேன்.

சிறுநீரை நீலத் திரவத்தோடு சேர்த்து விளக்கில் காட்டிச் சூடாக்கினார். நீலம் பச்சையாகி, செங்கல் நிறத்துக்கு வந்தது.

"சர்க்கரை. இதனாலதான்னு அடிச்சிச் சொல்ல முடியாது. காரணமே தெரியாம வர்றதும் உண்டு. ஆனா சர்க்கரை இருக்கறவனுக்கு இது வர வாய்ப்பு ஜாஸ்தி. வெல்லத்த வுடு. நேரத்தோட தூங்கு. கண்ணு காயாம ராத்திரியில துணி கட்டிக்க. முகம் மெதுவாத் திரும்பும்."

வெல்லத்தோடு இரவுப் படிப்பும் நின்றது. தேர்வு போய்விட்டது என்றே முடிவு செய்தேன். பகலிலோ, அலுவலகத்துக்கு வந்த தெலுங்குக்காரர்கள் ஒருவர் விடாமல் முகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். மொட்டை, ஜன்னல், வெல்லம், செங்கல் நிறம் என்று ஒவ்வொருவருக்கும் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் வினைச்சொற்களைத் திருத்துவார்.

தேர்வு நாளில் கண் பாதி மூடியது; உதடு இன்னும் சரியாகவில்லை. தேர்வாளர் கையிலிருந்த கேள்வித்தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்துக்கு என்ன ஆயிற்று என்று தெலுங்கில் கேட்டார்.

கன்னத்தை விரலால் தாங்கிக்கொண்டு சொன்னேன். எங்கும் தடுமாறவில்லை. தாகத்தைச் சொன்ன இடத்தில் நிறுத்தி, இரவில் எத்தனை முறை எழுந்தேன் என்று கேட்டார். திரவம் எப்படி நிறம் மாறியது என்று இரண்டு தடவை சொல்லச் சொன்னார். முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, தமிழில் பேசினார்.

"அந்த டாக்டரு சித்தூர்ல எங்க இருக்காரு?"

தேறியதாக உத்தரவு வந்தது. அது மொட்டையின் பலன் என்று மனைவி சொன்னாள். வெல்லப் பானையை மட்டும் கங்காதர நெல்லூருக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள்.