பேத்தி உசரமாம்

நோர்வேயின் பேர்கன் நகரத்துப் பேருந்தில் நான் ஏறினால் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. நாலடிக்கும் குறைவான ஒரு பெண்ணைப் பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள். வெளியே மழையைத் தவிர ஒன்றுமில்லை. இலங்கை மலையகத்தில், எங்கள் கொட்டகலை பஸ்ஸில் இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. "தங்கச்சி, மிதிச்சிறப் போறாங்க, முன்னுக்கு வா!" என்று கண்டக்டர் கத்துவார், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும், எனக்கு ஒரு சீட்டும் கிடைத்துவிடும்.

போன மாதம், ஐந்து மாதமான என் மகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். எனக்கிருக்கும் எலும்பு வளர்ச்சிக் குறைபாடு அவளுக்கும் உண்டு என்பது பிறக்கும் முன்பே தெரியும். தாதி அவளைப் படுக்கவைத்து அளந்துவிட்டு, "உயரமான பிள்ளை" என்றாள். என் நோர்வேஜிய மொழி அரைகுறை. கேலி செய்கிறாள் என்று நினைத்து, "நானும்தான் உயரம்" என்றேன் வெடுக்கென்று. அவள் திருதிருவென்று விழித்துவிட்டு ஒரு தாளை நீட்டினாள். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே தனியாக வரைந்த வளர்ச்சிக் கோடுகள். மகளின் புள்ளி நடுக்கோட்டுக்கு மேலே இருந்தது.

அப்படியொரு தாள் இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வளர்ச்சி அட்டைதான். என் புள்ளி எப்போதும் கடைசிக் கோட்டுக்கும் கீழே. "பிள்ளைக்குக் குடுத்த சத்துமாவ யாரு தின்னா?" என்று மருத்துவமாது அத்தனை பேர் முன்னால் கேட்டார். கொழுந்துக் கூடையோடு வந்திருந்த அம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அதன்பிறகு தன் தட்டில் இருந்ததையும் எனக்கே ஊட்டினாள். நான் குண்டானேன், உயரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை வீடியோவில் அழைத்தேன்.

"அம்மா, இது சாப்பாட்டால வர்றதில்ல. கருவுலேயே வந்த மாத்தம். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"நெசமாவா? டாக்டரே சொன்னாங்களா?"

"டாக்டரே சொன்னாங்க."

"நான்தான் ஒன் வயித்தக் காயப்போட்டுட்டேன்னு இவ்வளவு நாளும் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்று சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

டாக்டர் எனக்கு இதைச் சொல்லிப் பல வருடங்களாகிவிட்டன. அம்மா இப்படியொரு பாரத்தைச் சுமக்கிறாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது. அவளைச் சிரிக்கவைக்க, "ஒங்க பேத்தி உசரமாம்மா!" என்று தாதி சொன்னதைச் சொல்லிவைத்தேன்.

மறுவாரம் அழைத்தால், பக்கத்து வீட்டு பாக்கியக்கா திரைக்குள் தலையை நீட்டுகிறார். "ஒன் மக நல்ல உசரமாமே! வெளிநாட்டுப் பாலு அப்பிடி!" அவருக்குப் பின்னால் நின்று, 'ஒன்றும் சொல்லிவிடாதே' என்று அம்மா கண்ணைக் காட்டினாள். நான் சொல்லவில்லை.

கொட்டகலை லயத்து வீடுகளின் பேச்சில் இப்போது என் மகள் நெடுநெடுவென்று வளர்ந்துகொண்டிருக்கிறாள். இங்கே என் மடியிலும் அவளேதான், குட்டைக் கால்களை உதைத்து உதைத்துச் சிரிக்கிறாள்.