காசிம் நாநா வெட்டித் தந்த ரப்பர் குழாய்

காசிம் நாநா போய்விட்டார்... கிண்ணியாவிலிருந்து அவருடைய மகள் இப்போதுதான் போன் பண்ணினார். இன்று அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

வரிசை போடாமல் எழுதினால் தடுமாறிவிடுவேன். ஆகவே:
1. சீனக்குடாவில் ரோட்டரி எஞ்சினுக்கு டர்போ பூட்டியது
2. பெற்றோல் அழுத்தத்துக்கு நாங்கள் இருவரும் வழி கண்டது
3. அவரைக் கடைசியாகக் கண்டது

எழுபதுகளின் கடைசி. சீனக்குடா விமானத்தளத்தில் நான் எஞ்சின் மெக்கானிக். நிலாவெளியில் ஹோட்டல் வைத்திருந்த முதலாளி ஒருவர், தன் சின்ன விமானத்துக்குக் காரின் ரோட்டரி எஞ்சினைப் பூட்டச் சொன்னார். டர்போவும் வைத்தால் பலம் கூடும் என்று சொன்னவன் நான். புத்தகத்தில் படித்திருந்தேன்.

தரையில் கட்டிவைத்து ஓட்டினோம். மெதுவாக ஓடும்போது அருமை! வேகம் கூட்டி டர்போ காற்றை அமுக்கத் தொடங்கியதும் இருமி நின்றது. அந்தக் காற்று, காபரேட்டருக்குள் வரும் பெற்றோலை எதிர்த்துத் தள்ளியது. பெற்றோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ எப்போதும் ஒரே அளவில்தான் அனுப்பியது.

விமானம் கிளம்பும் நேரத்தில் அப்படி நின்றால், ஓடுபாதை முடிவில் இருக்கும் துறைமுகத்துக்குள்தான் முதலாளி விழுவார்... மறுநாள் பறக்கலாம் என்று கையெழுத்து வைக்க வேண்டியவனும் நான்.

நாநா துறைமுகத்தில் சுழியோடி; மேலிருந்து குழாய் வழியே வரும் காற்றை இழுத்துக்கொண்டு கடலடியில் வேலை செய்பவர். காற்றடிக்கும் கம்ப்ரசரை இரவல் கேட்டு வந்தவர், நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, முகம் கருவாடு மாதிரிக் கிடக்கு?"

"பம்பைக் கூட்டினா மெதுவா ஓடக்க பெற்றோல் வழியுது நாநா. குறைச்சா டர்போ ஏறக்க காணாது."

"நான் அடியில இறங்க இறங்க, கடல் அமுக்கிற அளவுக்குக் காத்தும் கூடி வரோணும். மேல நிக்கிறவன் ஒரே அளவில அனுப்பினா மூச்சு இழுக்க ஏலாது. உன்ர காபரேட்டரும் இப்ப கடலுக்கடியிலதான் கிடக்கு."

"அதுக்கு?"

"படிச்ச ஆள்தானே நீ! அமுக்கம் கூடினதை அந்த ரெகுலேட்டருக்கு ஆர் போய்ச் சொல்லுறது?"

தன் சாமான் பையிலிருந்த ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டினார். ஒரு முனை டர்போவின் காற்று வரும் பெட்டியில். மறுமுனை பெற்றோல் ரெகுலேட்டரின் மூச்சுத் துளையில். டர்போ அமுக்க அமுக்க, அதே காற்று ரெகுலேட்டரையும் அமுக்கிப் பெற்றோலைக் கூட்டும்; அவ்வளவுதான்.

முழு வேகம் கொடுத்தேன். காற்றழுத்தம் காட்டும் முள் ஏறியது... பெற்றோல் முள்ளும் கூடவே, அதே அளவு ஏறியது! எஞ்சின் நிற்கவில்லை! நான் கத்திவிட்டேன். நான் கத்துகிற ஆள் இல்லை.

முதலாளி ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீர்தானே கண்டுபிடிச்சது?"

"ஓம்" என்றேன். நாநா மிச்சக் குழாயைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

போன மாதம் நாநாவைக் கிளினிக்கில் கண்டேன். பிரஷர் பார்க்க நர்ஸ் மிஸ்ஸி அவர் கையில் பட்டியைச் சுற்றினார். "தம்பி, ரியூப் சரியாப் பூட்டியிருக்கா எண்டு பார்" என்று நாநா கண்ணடித்தார்... அன்றாவது அந்த 'ஓம்' பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நல்லபடியாகப் போங்கள் நாநா.

மேலே இரண்டாவதாக எழுதியது பிழை. நாங்கள் இருவரும் அல்ல. நீங்கள்தான்.