ரஞ்சன்குடியில் எனக்கு மட்டும் காபி

தாம்பரத்தில் மதியம் இரண்டேகால் மணிக்கு ரயில் ஏறினேன். பையில் மூன்று புடவை, அரைக் கிலோ காபித்தூள், ஒரு பித்தளை ஃபில்டர். பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரப் போகிற அம்மாக்கள் தட்டும் பழமுமாகப் போவார்கள். நான் ஃபில்டரோடு போனேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் பெண் கயல்விழியை ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பெரம்பலூர் மாவட்டத்தில் ரஞ்சன்குடிப் பக்கம் கொடுத்தேன். கல்யாணமும் சரி, வளைகாப்பும் சரி, பெரம்பலூர் மண்டபத்தில்தான் நடந்தன. அவர்கள் வீட்டில் போய்த் தங்குவது இதுதான் முதல் தடவை. வளைகாப்பு முடிந்த கையோடு அவளை அழைத்து வந்திருக்க வேண்டும். லேப்டாப்பை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறாள். அதில் ஏதோ முடிய வேண்டியிருக்கிறது, இரண்டு வாரம் பொறும்மா என்றாள். பொறுத்தேன். அந்த இரண்டு வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் கணவர் போன பிறகு வீட்டில் நானும் அவளும்தான். காலையில் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஆளுக்கொரு டம்ளர் காபியோடு அரை மணி நேரம் பேசுவோம். பெரியம்மாவின் பிரஷர், சித்தப்பா பிள்ளை வாங்கிய காரை யார் ஓட்டுவது என்கிற சண்டை, மேல் வீட்டுக்காரி மிக்ஸி போடும் நேரம் என்று ஒன்றையும் விடமாட்டோம். அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகியும் இரண்டு பேருக்கான தூளைத்தான் ஃபில்டரில் போடுகிறேன். கை அளவு மாறமாட்டேன் என்கிறது. இந்த மூன்று மாசத்துக்காவது அந்த இரண்டாவது டம்ளருக்கு ஆள் வரப்போகிறாள் என்பதுதான் என் சந்தோஷம். பேரப்பிள்ளை வருகிற சந்தோஷம்கூட அதற்கு அடுத்ததுதான், சொன்னால் என்ன.

விருத்தாசலம் தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மாள் பேச்சுக் கொடுத்தார். குரோம்பேட்டையில் மகன் வீட்டில் இருந்துவிட்டு அரியலூர் திரும்புகிறவர்.

"பொண்ண எங்க குடுத்துருக்கீங்க?"

"ரஞ்சன்குடி பக்கங்க."

"கோட்டை இருக்குற ஊரு. வெங்காயக்காரவுங்களா இருப்பாங்களே. மாப்ள எப்புடி?"

"எம்.சி.ஏ. படிச்சுட்டு வெங்காயம் போடறார். தங்கமான பிள்ளை."

"அப்பறம் என்னா, நிம்மதியா ஒரு டீ குடிங்க" என்று, கேனோடு வந்தவரைக் கூப்பிட்டார்.

நான் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். ரயிலிலும் பிளாட்பாரத்திலும் விற்கும் எதையும் நான் வாயில் வைப்பதில்லை. அதிலும் டீயா? ஜுரம் வந்து கிடந்தபோதுகூட நான் டீ குடித்ததில்லை. அது இலையை வேகவைத்த தண்ணீர் என்பது என் கட்சி. அந்த அம்மாள் என் பங்குக்கும் சேர்த்து இரண்டு கப் குடித்தார்.

ஐந்தேகால் மணிக்கு அரியலூர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ரெட்டிபாளையம் பக்கத்து ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் போகிறதாம். வேப்பமரத்து இலையெல்லாம் மாவு தடவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. ஆட்டோக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு ஐம்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். அங்கிருந்து பெரம்பலூர் முப்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம். போகப் போக மண் கறுத்தது. சோளமும் பருத்தியும் இரண்டு பக்கமும் வந்தன. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை பிரபு வேனோடு நின்றிருந்தார். "வாங்க அத்தை, கயலு காலையிலேருந்து மணி பாத்துக்கிட்டே இருக்கு" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் களைப்பெல்லாம் போய்விட்டது.

சென்னை போகும் பெரிய சாலையில் இருபது கிலோமீட்டருக்குள்தான் ரஞ்சன்குடி. இருட்டும் நேரத்தில் கோட்டை, வலது பக்கமா இடது பக்கமா என்று நான் தேடுவதற்குள் தெரிந்துவிட்டது. சின்னக் குன்றின் மேல் பெரிய பெரிய கல்லாக அடுக்கிய மதில். அதற்கு அந்தண்டை வயல்களுக்கு நடுவே அவர்கள் வீடு.

கயல் வாசலிலேயே நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது, முகம் கொஞ்சம் கறுத்திருந்தது. கட்டிக்கொள்ளக்கூட முடியாமல் பக்கவாட்டில் கட்டிக்கொண்டோம்.

"வாங்க சம்பந்தி, வாங்க. காலு கையி கழுவிட்டு உக்காருங்க, காப்பி போடுறேன்" என்றார் அவள் மாமியார் செல்லம். என்னைவிட நாலு வயசு சின்னவர், என்னைவிட இரண்டு மடங்கு வேலை செய்கிறவர்.

காபி வந்தது. புத்தம் புதிய டபரா, டம்ளர். பாக்கெட்டைக் கிழித்துப் போட்ட தூள், பாயசத்துக்குப் போடுகிற அளவு சர்க்கரை. பரவாயில்லை, அன்பாகக் கொடுத்தார்கள், குடித்தேன். அப்போதுதான் பார்த்தேன். என் பெண் அடுப்படி வாசற்படியில் மாமியாரோடும் புருஷனோடும் உட்கார்ந்து, சொட்டை விழுந்த ஒரு எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். காபி எனக்கு மட்டும்தான்.

எனக்குச் சுருக்கென்றது. எழுந்ததும் காபி வாசனை வராவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற பெண். அவளுக்கு ஒரு வாய் காபிக்கா இந்த வீட்டில் பஞ்சம்? வெங்காயம் மூட்டை மூட்டையாக விற்கிறார்கள், மருமகளுக்குக் கொஞ்சம் தூள் வாங்கிப் போட முடியாதா? வாயைத் திறந்தால் வந்த முதல் நாளே வம்பாகும் என்று பேசாமல் படுத்தேன். ஃபில்டரைக் கொண்டுவந்தது எவ்வளவு நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே எழுந்து, சம்பந்தியைக் கேட்டுக்கொண்டு அடுப்பைப் பிடித்தேன். வீட்டுப் பசும்பால், கெட்டியாக இருந்தது. முதல் டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கிய வாசனை கொல்லைவரை போயிருக்கும். நுரை ததும்ப ஆற்றிக் கயலிடம் கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வாய் குடித்தாள். "நல்லாருக்கும்மா" என்றாள். மூன்றாவது வாய் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, நான் பாலை இறக்கத் திரும்பியபோது டம்ளரை மேடையில் வைத்துவிட்டாள். பிறகு மாமியார் ஊற்றிய டீயை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் மரியாதையாக நல்லாருக்கு என்றது எனக்குத் தாங்கவில்லை.

பகலெல்லாம் அடக்கி வைத்தேன். நாலு மணிக்கு வெங்காயப் பட்டறையருகே வேலை நடந்தது. பட்டறை என்றால், காற்று போக இடைவெளி விட்டுக் குச்சிகளால் கட்டி வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் நீளமான கூடு. அதன் நிழலில் உட்கார்ந்து செல்லமும் இரண்டு பெண்களும் காய்ந்த தாளை அரிந்து சின்ன வெங்காயத்தைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கயலும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அரிந்தாள். ஒரு தூக்குப்போசியில் டீ வந்தது. பேச்சும் வந்தது.

"பெரியவன் வூட்டுல மறுபடியும் கோச்சுக்கிட்டுப் போயிட்டாளாமே?" என்றாள் ஒருத்தி.

"போவலக்கா, ஜெயங்கொண்டத்துக்கு அவங்க தம்பி வளைகாப்புக்குப் போயிருக்காங்க" என்று பதில் சொன்னது யார் என்கிறீர்கள்? என் பெண்.

"தம்பி பொண்டாட்டிக்குன்னு சொல்லு, தம்பிக்கு யாரு வளையல் போட்டா?" என்று செல்லம் சொல்ல, நாலு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். யார் அந்தப் பெரியவன், யார் கோபித்துக்கொண்டு போனவள், ஒன்றும் எனக்குத் தெரியாது. எங்கள் சமையலறைத் தரையில் நடந்த அதே பேச்சு, அதே சிரிப்பு. நான் மட்டும் தனி டபராவோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிந்தது, மறைக்கவா முடியும்.

கயல் உள்ளே போனதும் கேட்டே விட்டேன். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. எனக்கு நேரத்துக்கு நேரம் காபி போடறீங்க. மாசமா இருக்கற பொண்ணு, அவளுக்கு ஒரு வாய் காபி குடுக்கக் கூடாதா?"

செல்லம் அரிவாளைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தால் சிரித்தார்.

"அய்யய்யோ, அப்புடியா நெனச்சீங்க? எங்க வூட்டுல வெருந்தாளிக்குத்தாங்க காப்பி. வூட்டு ஆளுக்கு டீ. எம் மாமியா காலத்துலேருந்து அப்புடியே வந்துருச்சு. கயலு வந்த புதுசுல அதுக்குன்னு தனியா காப்பிதான் போட்டேன், நாலு மாசம். ஒரு நா இதே எடத்துல வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருந்தோம். அத்தை, எனக்கும் டீயே ஊத்துங்கன்னுச்சு. சும்மா கேக்குதுன்னு நெனச்சேன். மறுநாளும் அதையேதான் கேட்டுச்சு. அன்னிக்கு எம் மவங்கிட்ட சொன்னேன், உம் பொண்டாட்டி இன்னைக்குத்தான்டா வூட்டுக்கு வந்துருக்கான்னு."

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பெண்ணைப் பெற்றவள் இதைவிட நல்ல வார்த்தை கேட்க முடியாது என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் அதற்குப் பிறகு இரண்டு தடவை தாம்பரம் வந்தாளே, நான் கொடுத்த காபியை மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டுப் போனாளே, அது எனக்காகக் குடித்ததா?

ஐந்தரை மணிக்கு நானும் கயலும் கோட்டைவரை நடந்தோம். வாயில் நன்றாகவே நிற்கிறது. அகழியில் மழைத்தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. உள்ளே மேலே ஏறினால் சாலையும் சுற்று வட்டாரமும் தெரியுமாம். அவளை வைத்துக்கொண்டு ஏறவில்லை, கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தோம். மதிலில் கிளிகள் பறந்தன. நாளை மறுநாள் கிளம்பினால் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேரலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"கோச்சுப்பேன். சொல்லு."

"நான் இங்கயே பெத்துக்கறேம்மா. டாக்டர் பெரம்பலூர்லயே நல்லா பாக்கறாங்க. அவர் பக்கத்துல இருக்கார். நீ வா. வந்து மூணு மாசம் இங்க இரு."

"பொண்ணு வீட்டுல வந்து மூணு மாசம் உக்காந்து சாப்பிடறதா? ஊர் என்ன சொல்லும்?"

"எந்த ஊரும்மா? தாம்பரமா? எதிர் வீட்டுக்காரங்க பேரே உனக்குத் தெரியாது."

"பேச்சை மாத்தாத. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான். உங்க அத்தையே சரின்னுட்டாங்க, உனக்கென்ன?"

அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அங்க நீயும் நானும் மட்டும்தானேம்மா. நாள் பூரா நீ என் மூஞ்சியவே பாத்துட்டு இருப்ப. எனக்கு பயம் ஜாஸ்தியாகும். இங்க சத்தமா இருக்கு. யாராவது வந்துட்டே இருக்காங்க, பேசிட்டே இருக்காங்க. பயமே தெரியல."

நானும் அவளும் மட்டும் என்பதற்காகத்தான் நான் ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் வராமல் இருக்கவும் அதுதான் காரணம். அழுதேன். அவளும் அழுதாள். கோட்டை பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில், "சரி, எந்திரி. இருட்டப் போறது, கல்லு பார்த்து நட" என்றேன். அவ்வளவுதான் நான் கொடுத்த சம்மதம்.

இன்னும் ஒரு நாள் இருந்தேன். அதற்கு மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். ஃபில்டரைப் பையில் வைத்தேன். தூளை அங்கேயே விட்டேன், விருந்தாளிகளுக்கு ஆகட்டும் என்று. செல்லம் அந்தப் புது டபராவில் காபி கொண்டுவந்தார்.

"தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே வந்துருங்க சம்பந்தி. நீங்க வேற எதையும் பத்தி ரோசன பண்ணாதீங்க. உங்களுக்குன்னு திருச்சியிலேருந்து நல்ல காப்பித்தூளா வாங்கியாரச் சொல்லுறேன்."

"வாங்க வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்தேன். வேன் திரும்பும்வரை கயல் வாசலில் நின்றாள். ஒரு கையில் டீ டம்ளர், இன்னொரு கை வயிற்றில்.

மாப்பிள்ளை அரியலூர் ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டார். ரயில் இருபது நிமிடம் தாமதம் என்றார்கள். வயலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கும், நீங்கள் போங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். திரும்பும்போது பக்கத்து சீட்டில் ஒரு ஆள் இருக்கும் என்று நினைத்து வந்தவள், பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்குக் காலையில் தாம்பரத்தில் பால்காரர் மணி அடிப்பார். நான் எழுந்து இரண்டு பேருக்கான தூளைப் போடுவேன்.

இரண்டு கேன்களோடு ஒருவர் வந்தார். "காப்பியாம்மா, டீயா?"

"டீ" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்துப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். முதல் வாய் நாக்கைச் சுட்டது. இரண்டாவது வாய் கஷாயம் மாதிரி இருந்தது. கீழே கொட்டிவிடலாமா என்று இரண்டு தடவை குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். கொட்டவில்லை. ரயில் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தேன். டீக்கு மாற என் பெண்ணுக்கு நாலு மாசம் பிடித்திருக்கிறது. திரும்பி இங்கே வர எனக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது.