ஒருமணி அக்காவின் ஏழு நாட்கள்

பதினொரு ஆண்டுகளாக அரசின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய் அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "போன ஏழு நாள்ல, ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு வேலை பாத்தீங்களா?" பார்த்திருந்தால் புள்ளிவிவரப்படி அவர் வேலையில் இருப்பவர். தெருக்காரர்கள் அவளுக்கு ஒருமணி அக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊரில் யாருக்கு வேலை இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தவள், சட்டப்படி தன் அலுவலகத்துக்கு ஊழியரே அல்ல. ஒப்பந்தத்தில் 'சேவை வழங்குபவர்' என்றிருந்தது. கணக்கெடுக்கப் போன ஒரு வீட்டு மாடிப்படியில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்ட அன்றுதான் அதன் கனம் தெரிந்தது. விடுப்பு என்பது ஊழியருக்கு மட்டும்தான். திரும்பி வந்தால் இடம் இருக்குமா என்று ஆறு வாரமாக மேலதிகாரியைக் கேட்டுப் பார்த்தாள். "பாக்கலாம்மா" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் பெயரவில்லை.

வீட்டுக்காரர் சமைத்தார், துவைத்தார், அவளைத் தோளில் தாங்கிக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். இதற்கெல்லாம் கூலிக்கு ஆள் வைத்திருந்தால் நாட்டின் வருமானத்தில் ஏறியிருக்கும். அன்பாகச் செய்ததால் ஏறவில்லை.

அந்த வாரம் கணக்கெடுப்புக் குலுக்கலில் அவர்கள் வீடே விழுந்தது. டேப்லெட்டோடு வந்தவள், அக்காவின் தெருக்களையும் சேர்த்துச் சுமக்கும் சக கணக்கெடுப்புக்காரி.

"தப்பா நினைக்காதீங்கக்கா. எல்லாத்தையும் கேக்கணும்."

"ஒண்ணு விடாமக் கேளு. விட்டா நானே புகார் எழுதுவேன்."

"மாமா, நீங்க?"

"சும்மாதான் இருக்கேன்" என்றார் அவர், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

பிறகு அக்காவின் முறை. ஒரு மணி நேரமாவது? இல்லை. அடுத்த கேள்வியை வந்தவள் மெதுவாகப் படித்தாள்: "தற்காலிகமா வராம இருக்கீங்களா? திரும்பிப் போக வேலை இருக்கா?"

அக்கா கட்டுப் போட்ட காலையே பார்த்தாள். "அது உங்க சாருக்குத்தான் தெரியும்."

"தெரியலன்னு போட முடியாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமா, இல்லன்னு ஒண்ணை அழுத்தாம இது அடுத்த பக்கத்துக்கே போகாது மாமா." சற்று யோசித்தவள் போனை எடுத்தாள். அக்கா தலையசைத்த பிறகே மேலதிகாரியின் எண்ணை அழுத்தினாள். "சார், ஒரு படிவம் நிக்குது. நம்ம ஒருமணி அக்கா வீடு. அவங்களுக்குத் திரும்ப வர வேலை இருக்கா?"

நின்றுபோகும் ஒவ்வொரு படிவத்துக்கும் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். "ஆமான்னு போடும்மா."

"பொய்த் தகவல் ஏத்தக் கூடாதே சார்."

நீண்ட பெருமூச்சு கேட்டது. "பொய்யில்லம்மா. கட்டுப் பிரிச்சதும் வரச் சொல்லு. அவங்க தெருவை அவங்களே பாக்கட்டும்."

"உங்க தெரு மாடியெல்லாம் ஏறி ஏறித் தேஞ்ச என் முட்டி பொழச்சுதுக்கா" என்று போனை வைத்தவள், 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள். "இவருக்கு என்ன போட்ட?"

"சும்மா இருக்கார்னு."

"பின்னாடி போ. 'வீட்டு வேலை, பராமரிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கும். அதைப் போடு."