உச்சிப் பொழுதில் கிணறு

என் வீட்டுக்காரர் இறந்த வருஷமே மகன் சேலத்துக்கு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டான். யுத்த காலம் அது. மோகனூருக்கு மேற்கே, தோட்டத்துக்கு நடுவில் தனியாக நின்ற வீட்டில் நானும் இரண்டு எருமைகளும் மிஞ்சினோம். எங்கள் பக்கத்தில் அவரவர் வீடு அவரவர் காட்டுக்குள்தான் இருக்கும். கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. கொழுந்தனார் காலையில் வந்து மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பார். உச்சிக்கு மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் மறுநாள் காலைவரை பேச ஆள் கிடையாது. எருமைகளோடு பேசிப் பார்த்தேன். அதுகளுக்கு என் கதையில் அக்கறை இல்லை.

வெள்ளைச் சேலைக்காரியைக் கல்யாணத்துக்கு அழைப்பார்கள். போனால் ஓரமாக உட்காரச் சொல்வார்கள். நான் போவதையே விட்டுவிட்டேன். எனக்கு வயசு ஐம்பது தாண்டியிருந்தது. உடம்பில் ஒரு நோயும் இல்லை. இன்னும் எத்தனை வருஷத்துக்கு இப்படிச் சும்மா இருக்க வேண்டுமோ என்றுதான் பயமாக இருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் கிணற்றுப் படியில் இறங்கினேன். சாக வேண்டும் என்று இறங்கவில்லை. வாழ வேண்டும் என்றும் இறங்கவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது பாசியில் கால் வழுக்கியது. உடனே கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஐயோ சாமி!” என்று கத்தினேன். உயிர்மேல் எனக்கு இவ்வளவு ஆசை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சின்ன வயசில் என் அண்ணன்மார் கிணற்றில் குதித்து ஆடுவார்கள். நான் மேட்டில் நின்று அவர்களுடைய வேட்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொட்டைப் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்பாள் அம்மா. இப்போது வேண்டாமென்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அவரை விதை போட்டு வைத்திருந்த சுரைப்புருடையை, அதுதான் காய்ந்த சுரைக்காய்க் கூட்டை, காலி செய்து வாயை மெழுகால் அடைத்தேன். முதுகில் கட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் பையன்கள் அப்படித்தான் நீச்சல் பழகுவார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். வளைந்தது, முட்டிதான் கொஞ்சம் முனகியது.

தினமும் உச்சிக்குமேல் கிணறு எனக்குத்தான். அண்ணன்மார் காலை உதைத்ததை நினைத்து நினைத்து நானும் உதைத்தேன். தண்ணீர் குடித்தேன், இருமினேன், யாரும் பார்க்காததால் தைரியமாகத் தப்புச் செய்தேன். ஆடி பிறக்கும்போது மல்லாந்து மிதக்க வந்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல வாய் பரபரக்கும். சொல்ல ஆளில்லை.

மாற்றுச் சேலையைக் கிணற்று மேட்டில் போட்டுவிட்டு இறங்குவது என் வழக்கம். அதுதான் வினையாகிவிட்டது. எங்கள் பக்கம் கிணற்றில் விழுந்து செத்த பெண்கள் உண்டு. ஆடு மேய்க்க வந்த ஒருத்தி, மேட்டில் வெள்ளைச் சேலையையும் திறந்து கிடந்த வீட்டையும் பார்த்திருக்கிறாள். கூப்பிட்டிருக்கிறாள். காது தண்ணீருக்குள் இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. அவள் எட்டிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய்க் கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டாள்.

அவர் தலைப்பாகையோடு குதித்தார். கொண்டையைப் பிடித்து இழுத்தார்.

“உடுங்க! வலிக்குதுங்க! நான் நீச்சலடிக்கறனுங்க!”

“நங்கையா!” அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார். “புத்தி கித்தி பெசகிப்போச்சுங்களா?”

மேலே ஒரு கூட்டமே கயிறும் கையுமாக நின்றது. சேலையை இழுத்துத் தலையில் போடப் போனேன். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

சேதி சேலம் போனது. பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் மகன் முகமெல்லாம் புகையோடு வந்து இறங்கினான். என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தான்.

“நெசத்தச் சொல்லும்மா. சாகத்தானே உழுந்தே?”

“சாகப் போறவ முதுகுல புருடை எதுக்குச் சாமி கட்டீட்டுப் போறேன்?”

அவன் நம்பவில்லை. கையைப் பிடித்துக் கிணற்றுக்குக் கூட்டிப்போய்ப் படியில் உட்கார வைத்தேன். புருடை கட்டாமலே அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு நீந்திக் காட்டினேன். பாதியில் மூச்சு முட்டியது. ஆனாலும் நிறுத்தவில்லை. நான் ஒரு காரியம் செய்வதை ஒருவர் உட்கார்ந்து பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது! கரையேறியபோது அவன் கண் கலங்கியிருந்தது.

“சேலம் வந்துரும்மா. ஒரு கொறையும் வராது.”

“அங்க கெணறு இருக்குதா?”

“கெணறு எதுக்கு? தெருவுலயே கொழாய்ல தண்ணி வருதே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் கழித்து அவனும் சிரித்தான். அதோடு சேலம் பேச்சை விட்டான்.

மறுநாள் காலை அவனை ஏற்றிவிட ரோட்டுக்குப் போனேன். இருந்துவிட்டுப் போ என்று சொல்லத்தான் ஆசை. அவன் பிழைப்பு அங்கே. பஸ் நெடுநேரம் கழித்து வந்தது. படியில் கால் வைத்தவன் திரும்பினான்.

“தெனமும் எறங்குவியாம்மா?”

“ஆமாஞ் சாமி.”

“தனியா எறங்காதே. மேட்டுல ஆராச்சும் ஒருத்தர உக்காத்தி வெச்சுக்கோ.”

“ஆரு சாமி இருக்கறாங்க?”

அவன் உள்ளே ஏறிக்கொண்டான். பஸ் கிளம்பிப் போனது. நான் திரும்பி நடந்தேன். பொழுது உச்சிக்கு வந்திருந்தது. கொழுந்தனார் மாட்டை அவிழ்த்துப் போயிருப்பார், கிணறு சும்மாத்தான் இருக்கும்.