தாம்பூலத்தை வாங்காத சம்பந்தி

நிச்சயதார்த்தத்தை நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்தான். பெண் வீட்டார் வில்லியனூர் பக்கம் விவசாயக் குடும்பம். பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்பிய சம்பந்தம். எனக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று.

என் கணவரின் அண்ணன் வழக்கம்போல அளக்க ஆரம்பித்தார். "எங்க முப்பாட்டன் பிரெஞ்சுக்காரனுக்குத் தரகு பாத்தவரு. அவரு சொல்லாம ஒரு கப்பல் நகராது." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கேட்கும் கதை. பெண்ணின் அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நானும் கணவரும் தாம்பூலத் தட்டை நீட்டினோம். அவர் கைகூப்பினாரே தவிர, தட்டைத் தொடவில்லை. தாம்பூலம் மாற்றாமல் அது என்ன நிச்சயம்? உங்கள் சம்பந்தமே வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மகன் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

"எங்க கையால வாங்கினா உங்களுக்கு என்ன கொறஞ்சு போயிடும்?" என்று கேட்டே விட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தியம்மா. இந்த டவுனுல யார் குடுத்தாலும் நாங்க வெத்தல வாங்குறதில்ல. பரம்பர பரம்பரையா அப்படி" என்றார் அவர்.

பிறகு சொன்னார். பிரெஞ்சுக்காரன் காலத்தில், ஒரு பஞ்சத்தின்போது, அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி வேலை தேடி அண்ணனோடு இங்கே வந்தாளாம். வேலை இருக்கிறது என்று ஒருவன் வெற்றிலை கொடுத்து நயமாகப் பேசி அழைத்துப்போனானாம். இருவரையும் கொட்டடியில் அடைத்து, தலையை மழித்திருக்கிறார்கள். அண்ணன் எப்படியோ தப்பி ஊர் சேர்ந்தான். அவளைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

"அடிமையா வித்துட்டாங்க. இன்னமும் அவளுக்குப் படையல் போடுறோம்."

இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். இங்கே மனிதர்களை விற்றார்கள் என்று ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை. மகனைப் பார்த்தேன். "நெசந்தாம்மா. மொரீசியஸுக்கும் ரீயூனியன் தீவுக்கும் இங்கேருந்து ஆளுங்கள ஏத்தியிருக்காங்க" என்றான்.

பாவம், அந்தப் பெண். கோபம் போன இடம் தெரியாமல் அழுகை வந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எங்க வீட்டுலேருந்து அப்படி யாரும் போகல சம்பந்தி" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கப்பல் தரகர் வீட்டிலிருந்து யார் போவார்கள்? என் கணவரின் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. முப்பாட்டன் எதற்குத் தரகு பார்த்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒருநாளும் நாங்கள் கேட்டதும் இல்லை. பெண்ணின் அப்பாவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எங்கள் தட்டைக் கீழே வைத்தேன். "நீங்க குடுங்க. நாங்க வாங்கிக்கிறோம்."

ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த வெற்றிலையை அவர் பையிலிருந்து எடுத்தார். பாக்கு வைத்து என் கையில் கொடுத்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணு மறுபடியும் இந்த ஊருக்கு வருது. பாத்துக்கோங்க."

மகள் மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்று வழக்கமாகச் சொல்வார்களே, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.